மண்டபம் முகாம் வாசலருகே ஒரு மாலை மருத்துவகம்: மருத்துவரைவிட உதவி மேசைக்கே அதிக மதிப்பெண்

ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் போகும் சாலையில் மண்டபம் முகாம் நிறுத்தத்தில் இறங்கி நடந்தால், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமின் வாசலுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன்கட்டில் வாரத்தில் இரண்டு மாலைகள் இயங்கும் இலவச மருத்துவகத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. அதை நடத்தும் சிறு அறக்கட்டளையினர் தங்கள் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். முகாம் மக்கள் சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் வருவாய்த்துறையின் அனுமதியும் உளவு வேலை பார்க்கும் கியூ பிரிவுக் காவலர்களின் பார்வையும் இருக்கும் இடத்தில் இந்தத் தயக்கம் எனக்கு நியாயமாகவே படுவதால் பெயரை விட்டுவிடுகிறேன். நிறுத்தத்தில் இருக்கும் எந்தத் தேநீர்க் கடையில் கேட்டாலும் வழி சொல்வார்கள். என் தாயாருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. வேதாளையில் எங்கள் வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் முகாம் அக்கா ஒருவர்தான் முதலில் எங்களை அங்கே அழைத்துப் போனார். ஊர்க்காரர்களுக்கும் அங்கே இடமுண்டு என்பதையும், வாசலில் போட்டிருக்கும் இரண்டு மர பெஞ்சுகளில் மீனவக் குடும்பங்களும் முகாம் குடும்பங்களும் வந்த வரிசைப்படி கலந்தே உட்கார்கிறார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முகாமில் இருப்பவர்களுக்கு மருத்துவமே கிடைப்பதில்லை என்று வெளியூர்க்காரர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. முகாமில் பதிவு பெற்ற குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வருமான வரம்பு பார்க்காமல் பொருந்துகிறது. அதன் கீழ் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. 108 வண்டி வருகிறது. ராமநாதபுரத்தில் இருந்த மாவட்டத் தலைமை மருத்துவமனை 2022 முதல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இயங்குகிறது. ஆகவே இங்கே குறை, மருத்துவரோ மருந்தோ அடியோடு இல்லாதது அல்ல. இத்தனை கதவுகளில் எதைத் தட்டுவது, எந்தக் கதவுக்கு எந்தத் தாள் வேண்டும், தாள் இல்லையென்றால் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் பாதியில் திரும்பி வருவதுதான் குறை. இந்த மருத்துவகத்தை நான் அந்த அளவுகோலைக் கொண்டே பார்க்கிறேன். அந்த அளவில் அங்கே முதல் மதிப்பெண் பெறுவது மருத்துவர் அறையல்ல, அதற்கு முன்னால் ஜன்னலோரம் இருக்கும் உதவி மேசை.

அந்த மேசையில் இருப்பவர் முகாமிலேயே பிறந்து வளர்ந்து, செவிலியர் உதவியாளர் படிப்பு முடித்த ஒரு பெண். அவரிடம் கணினி கிடையாது. கடைகளில் கணக்கு எழுதும் நீள நோட்டு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டு, பெயர், வீட்டு எண், என்ன மாத்திரை, எப்போது தீரும் என்று நான்கு பத்திகள். ஐந்தாவதாகச் சிவப்பு மையில் “தாள்” என்று தலைப்பிட்ட பத்தி. அதில் ஒருவருக்குக் காப்பீட்டு அட்டை எடுத்தாகிவிட்டதா, ஆதாரில் பெயரும் குடும்ப அட்டையில் பெயரும் ஒத்துப்போகின்றனவா, ராமநாதபுரத்தில் எந்த அலுவலகத்தில் எந்த மனு நிலுவையில் இருக்கிறது என்பதெல்லாம் இருக்கும். ஒரு மாலை எங்களுக்கு முன்னால் நின்ற மூதாட்டி, “கார்டை வீட்டில விட்டிட்டு வந்திட்டன் பிள்ளை, இனிப் போய் எடுத்துக்கொண்டு வர ஏலாது” என்று தயங்கினார். “இருக்கட்டும் அம்மம்மா, போன தடவை எழுதின நம்பர் நோட்டுல இருக்கு. மாத்திரை அட்டை கொண்டு வந்தீங்களா, அதைக் காட்டுங்க” என்றார் அந்தப் பெண். அந்த மூதாட்டி முந்தானை முடிச்சிலிருந்து பாதி வெட்டிய மாத்திரை அட்டையை எடுத்து நீட்ட, இரண்டு நிமிடத்தில் அவர் உள்ளே போய்விட்டார். அடையாள அட்டை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுநாள் வரச் சொல்லும் எத்தனையோ கவுண்டர்களைப் பார்த்திருக்கிறேன். ஊர்க்காரனான எனக்கு அது எரிச்சல். கூலி வேலையை விட்டுவிட்டு வரும் முகாம்காரருக்கு அது ஒருநாள் சம்பளம்.

தாள் என்பது இங்கே ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1983 ஜூலைக்குப் பிறகு இந்தக் கடற்கரைக்குப் படகேறி வந்தவர்கள் அனைவரும் அரசின் கணக்கில் ஒரே வகையினர் அல்லர். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டபடி, அன்றுவரை வந்தவர்கள் மொத்தம் 3,04,269 பேர். அவர்களில் முகாம்களில் தங்கியிருந்தவர்கள் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேர். காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு வெளியே வாடகை வீடுகளில் வாழ்ந்தவர்கள் 34,087 பேர். முகாமில் இருப்பவருக்கு மாதப் பணக்கொடையும் அரிசியும் உண்டு. வெளிப்பதிவில் இருப்பவருக்கு அவை இல்லை. 2022 மார்ச் முதல், இலங்கையின் பொருளாதார நெருக்கடியைத் தாங்க முடியாமல் தனுஷ்கோடி மணல் திட்டுகளில் வந்து இறங்கியவர்கள் மூன்றாவது வகை. 2025 செப்டம்பரில் மத்திய உள்துறை அமைச்சகம், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தபோது, அந்தத் தேதிக்குப் பின் வந்தவர்கள் அதற்குள் வரவில்லை. இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. ஆகவே ஒருவருக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை அவ்வப்போது வரும் ஆணைகளும், அவருடைய பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதுமே தீர்மானிக்கின்றன. காய்ச்சல் மட்டும் எந்தப் பட்டியலையும் பார்த்து வருவதில்லை.

இந்த மருத்துவகத்தின் உதவி மேசை இந்த மூன்று வகையினரையும் ஒரே நோட்டில் எழுதுகிறது. முகாம் குடும்பம் என்றால் காப்பீட்டு அட்டைக்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எந்த அறை என்பதையும் சொல்லி அனுப்புகிறது. வெளிப்பதிவுக் குடும்பம் என்றால் எந்தச் சான்று குறைகிறது என்று பார்த்துச் சொல்கிறது. கர்ப்பிணி என்றால் முதல் வேலையாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்து தரும் பிக்மி எண் எடுத்தாகிவிட்டதா என்று கேட்கிறது, ஏனென்றால் தமிழ்நாட்டில் அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு. பிறப்புச் சான்றிதழ் இந்த மக்களுக்கு வெறும் பள்ளிச் சேர்க்கைக்கான தாள் அல்ல. இதே மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்கும்படி சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்ற சட்டத்தை அவர் பயன்படுத்திக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், பிறந்த இடத்தையும் தேதியையும் காட்டும் சான்றிதழ் அவர் கையில் இருந்ததுதான். அந்தத் தேதியிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு அந்தச் சட்டம் உதவாது என்பது வேறு விஷயம். ஆனாலும் என்றைக்கு எந்தத் தாள் கைகொடுக்கும் என்று யாருக்கும் தெரியாத வாழ்க்கையில், பிரசவத்துக்கு முன்பே அந்தத் தாளைப் பற்றி ஒருவர் நினைவூட்டுவதை நான் மருத்துவச் சேவையின் பகுதியாகவே எண்ணுகிறேன்.

மருத்துவரைப் பற்றி. ஓய்வு பெற்ற அரசு மருத்துவர். ஐந்து மணிக்கு வருகிறார், கூட்டம் முடியும்வரை இருக்கிறார். நிறுவனங்கள் வைக்கும் வணிகப் பெயர் கொண்ட விலையுயர்ந்த மருந்துகளை எழுதுவதில்லை. மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்று மூலப்பெயரில்தான் எழுதுகிறார். அதனால் அங்கே கையிருப்பு இல்லாவிட்டாலும் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ குறைந்த விலைக்கு வாங்கிவிட முடிகிறது. ஆனால் அவரிடம் நான் மெச்சுவது வேறொன்று: ஒவ்வொருவரிடமும் “என்ன வேலைக்குப் போறீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் நாடியைப் பிடிக்கிறார். முகாம் ஆண்களில் பெரும்பாலோர் வண்ணம் பூசும் வேலைக்குப் போகிறவர்கள். இருமல் என்று வருபவர் மூடிய அறைக்குள் தின்னர் நெடியில் நாள் முழுக்க நின்றவரா, முதுகுவலி என்று வருபவர் சாரத்திலிருந்து எப்போதாவது விழுந்தவரா, கையில் வெட்டுக்காயத்தோடு வருபவர் கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டுக்கொண்டார் என்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளம்பி வருகின்றன. வேலையிடத்தில் விழுந்தால் அதைச் சாலை விபத்துக்கான நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் சேர்க்க முடியாது என்பதையும், அதற்காகத் தனியார் மருத்துவமனைக்கு ஓடிக் கடனாளியாகாமல் அரசு மருத்துவமனைக்கே போக வேண்டும் என்பதையும் அவர் அலுக்காமல் சொல்கிறார். குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என்று 2021-இல் உயர்த்தப்பட்ட பணக்கொடையில் வாழ்கிறவர்கள், ஒரு தனியார் ஸ்கேனுக்குக் கொடுத்தால் அந்த மாதத்துக்கு மிஞ்சுவது என்ன என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

குறை என்னவென்றால், அவர் வேகமாகப் பேசுகிறார். காது மந்தமான என் தாயார் உள்ளே தலையாட்டிவிட்டு வெளியே வந்து உதவி மேசையில்தான் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். மருந்து கொடுக்கும் பையன் காகித உறையில் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரைந்து தருகிறான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அது போதும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதற்கு மட்டும் அவன் எதையும் வரைவதில்லை. கையிருப்பு விஷயமும் ஒரே சீராக இல்லை. சில வாரங்களில் இன்சுலின் இருக்கும், சில வாரங்களில் இருக்காது. இல்லை என்பதை வரிசையில் நின்று முறை வந்த பிறகுதான் சொல்கிறார்கள். வாசலில் ஒரு கரும்பலகையைத் தொங்கவிட்டு அன்றைக்கு என்ன இல்லை என்று எழுதினால் பலருக்கு ஒரு மாலைப்பொழுது மிஞ்சும். இதை நேரிலும் சொன்னேன். பலகை வாங்கிவிட்டார்கள், எழுதத்தான் காணோம்.

இனிச் சொல்லப்போவது பெரிய குறை. பெண்களுக்குத் தனி அறை இல்லை. மருத்துவர் அறையின் ஒரு மூலையை ஒரு திரைச்சீலை மறைக்கிறது. அது தரையைத் தொடுவதில்லை, பக்கவாட்டிலும் ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. உள்ளே பேசுவது வெளி பெஞ்சு வரை கேட்கும். இது போதாதென்று, பெயர் பதியும் தன்னார்வலர் ஒருவர் எல்லாருக்கும் முன்னால் “உடம்புக்கு என்ன?” என்று உரக்கக் கேட்டுச் சீட்டில் எழுதுகிறார். லைன் வீடுகளில் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்கிறவர்கள், இந்த வரிசையிலும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கும்படி தன் வெள்ளைப்படுதலையோ கருக்கலைந்ததையோ சொல்ல மாட்டார்கள். “தலைவலி” என்று சொல்லித் தலைவலி மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டில் அடி வாங்கும் பெண் அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஒரு மூடிய கதவு வேண்டும். 181 என்ற மகளிர் உதவி எண்ணும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒட்டியிருக்கும் இடம் ஆண்கள் உட்காரும் பெஞ்சுக்கு நேர் மேலே. அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளும் துணிச்சல் எந்தப் பெண்ணுக்கு வரும்? பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் அதே தாளை ஒட்டுவதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. தனியறைக்குப் பணம் இல்லையென்றால் வாரத்தில் ஒரு மாலையின் முதல் ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினாலும் பாதிக் குறை தீரும்.

பாதுகாப்பு பற்றிச் சொல்லும்போது வழியையும் சொல்ல வேண்டும். மருத்துவகத்திலிருந்து முகாம் வாசல் வரையுள்ள பாதையில் நடுவில் விளக்கு இல்லாத ஒரு துண்டு இருக்கிறது. இருட்டிய பிறகு பெண்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்தே திரும்புகிறார்கள். உதவி மேசைப் பெண் இதைக் கவனித்து, முகாமுக்குள் போக வேண்டிய பெண்களையும் வயதானவர்களையும் ஆறரை மணிக்குள் பார்த்து அனுப்பும்படி வரிசையை அமைக்கிறார். பேருந்தில் வந்த எங்களைப் போன்றவர்கள் சற்றுக் காத்திருக்க நேர்கிறது. இதற்கு ஊர்க்காரர்கள் சிலர் முணுமுணுத்ததைக் கேட்டேன். என் கருத்தில் அவர் செய்வதே சரி. முகாமில் தணிக்கை நடக்கும் நாளில் எல்லாரும் உள்ளே இருந்து பெயரைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், அந்த நாள் மருத்துவக நாளோடு மோதினால் மறுநாளுக்கு மாற்றுகிறார்கள். நாள் மாறும் செய்தி முகாமுக்குள் வாய்வழியே பரவிவிடுகிறது. வெளிப்பதிவுக் குடும்பங்களுக்குத்தான் அது எட்டுவதில்லை; உச்சிப்புளியிலிருந்து பேருந்துக்குக் காசு கொடுத்து வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

மனநலம் என்று வந்தால் இந்தக் கடற்கரையில் எல்லாருக்கும் முதலில் வாயில் வரும் பெயர் ஏர்வாடி. அங்கே 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். அதன் பிறகு உரிமம் இல்லாத காப்பகங்கள் மூடப்பட்டன, அரசு மனநல மருத்துவமும் இந்த மாவட்டத்தில் அழுத்தமாகக் கால் ஊன்றியது. ஆனால் நோயை மறைக்கும் பழக்கம் ஒரே நாளில் போய்விடுவதில்லை. போர் நடந்த பகுதிகளில் வாழ்வோரில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார அமைப்பு 2019-இல் மதிப்பிட்டது. நம் கண்முன் அது இப்படித் தெரிகிறது: 1990-இல் குண்டுவீச்சுக்கு நடுவே மன்னாரிலிருந்து கைக்குழந்தையோடு ஓடிவந்த பெண்ணுக்கு இன்று அறுபதைத் தாண்டிய வயது, அவர் மருத்துவகத்துக்கு வருவது தூக்கம் வரவில்லை என்றோ நெஞ்சு படபடக்கிறது என்றோதான். இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினால் அடுத்த வாரம் மறுபடி வருவார். இங்கே மருத்துவர் அப்படி அனுப்புவதில்லை என்பது ஆறுதல். மாதம் ஒருமுறை ஓர் ஆலோசகர் வருகிறார், அவரிடம் அனுப்புகிறார். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம் என்பதையும் எழுதிக் கொடுக்கிறார். மாதம் ஒருமுறை என்பது மிகவும் குறைவு. ஒருவர் மனம் திறந்து பேசத் தொடங்குவதற்கே நான்கைந்து சந்திப்பு ஆகும் என்றால் அரை வருடம் ஓடிவிடும். தொலைபேசியில் பேசுவதற்கும் லைன் வீட்டில் தனியிடம் கிடையாது. கடற்கரைப் பக்கம் போய்ப் பேசிவிட்டு வருவதாக ஒரு தம்பி சொன்னான்.

தண்ணீர், கழிப்பறை பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. உலகெங்கும் இடம்பெயர்ந்தோர் முகாம்களுக்கு வைக்கும் குறைந்தபட்ச அளவு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும் இந்தக் கரையில் குழாயில் தண்ணீர் வரும் நாளில் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைப்பது முகாமுக்கு உள்ளேயும் வெளியேயும் எல்லார் வீட்டு வழக்கம்தான். பிடித்து வைத்த தண்ணீரை மூடாவிட்டால் டெங்குக் கொசு முட்டையிடும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்பே இந்த மருத்துவகத்தார் வீடு வீடாகப் போய் டிரம்முக்கு வலைத்துணி கட்டச் சொல்லிக் கொடுத்தது உருப்படியான வேலை.

புதிதாகக் கடல் கடந்து வருகிறவர்களைப் பற்றி இந்த மருத்துவகத்தால் அதிகம் செய்ய முடிவதில்லை, அது அவர்கள் தவறும் அல்ல. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். படகோட்டிகள் கரைவரை கொண்டுவந்து விடாமல் இருட்டில் மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்; விடிந்த பிறகு நிழலும் நீரும் இல்லாத அந்தத் திட்டில் குழந்தைகளோடு நிற்பவர்களைக் கடலோரக் காவல்படையினர் ஹோவர்கிராஃப்டில் போய் அழைத்து வருகிறார்கள். 2022 ஜூனில் தனுஷ்கோடிக் கடற்கரையில் மயங்கிக் கிடந்த முதிய தம்பதியை மீட்டு மருத்துவமனையில் சேர்த்தும், அந்த அம்மாவைக் காப்பாற்ற முடியவில்லை. கரை சேர்ந்தவர்கள் மெரைன் போலீஸ் விசாரணை முடிந்து முகாமுக்கு வந்து, வெளியே நடமாட வழி கிடைத்த பிறகுதான் இந்த வாசலுக்கு வருகிறார்கள். அதற்குள் நீரிழப்பும் வெயில் கொப்புளமும் ஆறியிருக்கும். உப்புத்தண்ணீர் பட்டுச் சீழ் பிடித்த கால்புண், ஊரில் விட்டுவந்த மருந்துச் சீட்டு, பாதியில் நின்ற குழந்தையின் தடுப்பூசிக் கணக்கு ஆகியவை மட்டும் மிஞ்சியிருக்கும். தடுப்பூசி அட்டை இல்லாத குழந்தைக்கு வயதை வைத்துப் புதிதாகக் கணக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். இலங்கையில் எழுதிய மருந்துச் சீட்டைப் பார்த்து அதே மருந்து இங்கே எந்தப் பெயரில் கிடைக்கும் என்று சொல்கிறார்கள். இவை சின்ன வேலைகளாகத் தெரியலாம். வந்து சில நாள்களே ஆன ஒரு தாய்க்கு இவற்றைச் செய்துகொடுக்க வேறு யாரும் இல்லை.

இடையில் ஒன்று. மண்டபம் முகாம் என்ற இந்த இடமே ஒரு சுகாதாரக் காரணத்துக்காக உருவானது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைக் கப்பலேற்றும் முன் இங்கே சில நாள்கள் நிறுத்தி வைத்து, காலராவோ பிளேக்கோ இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். அந்த முகாமை நடத்தியது அன்றைய இலங்கை அரசு. அக்கரைக்கு நோய் போய்விடக் கூடாது என்பதே அதன் கவலை. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் அதே தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து தங்கியதும், 1983-க்குப் பின் போருக்குத் தப்பியவர்கள் தங்கியதும் அதே வளாகத்தில்தான்.

அவசரத்துக்கு இந்த மருத்துவகத்தை நம்பிப் போகாதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். நெஞ்சுவலி, பாம்புக்கடி, பிரசவ வலி, குழந்தைக்கு வலிப்பு என்றால் 108-ஐ அழைக்க வேண்டும். நெஞ்சுவலிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகளை வைத்திருக்கும் இதயம் காப்போம் திட்டம் 2023 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. ராமநாதபுரம் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும் இந்த ஊர்களுக்கு அந்த முதல் மாத்திரைகள் பெரிய விஷயம். இந்த மருத்துவகத்தில் ஆக்சிஜனும் இல்லை, படுக்கையும் ஒன்றுதான். அவர்களும் இதை ஒளிப்பதில்லை. ஒருமுறை மூச்சுத்திணறலோடு வந்தவரை வரிசையில் உட்கார வைக்காமல் உடனே வண்டியை அழைத்து, மருத்துவமனையில் காட்ட வேண்டிய தாள்களை ஒரு உறையில் போட்டுக் கூடவே ஒருவரையும் ஏற்றி அனுப்பினார்கள். நோயாளியோடு தாளும் துணையும் போனதால், அங்கே சேர்க்கை மேசையில் அவருடைய மனைவி தனியே திண்டாட வேண்டியிருக்கவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். உதவி மேசைக்கு மட்டும் தனியாக மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து. ஒன்றரையைக் குறைத்ததில் பாதி, அந்தத் திரைச்சீலைக்கும் உரக்கக் கேட்கும் கேள்விக்கும். மீதி, எல்லாமே அந்த ஒரு பெண்ணையும் அவருடைய ஒரே நோட்டையும் நம்பியிருப்பதற்காக. அவர் தம் திருமண வேலையாக விடுப்பில் போயிருந்த வாரங்களில் அங்கே போனவன் நான். மருத்துவர் இருந்தார், மருந்து இருந்தது. ஆனால் காப்பீட்டு அட்டை புதுப்பிக்க வந்தவர்களும், மதுரைக்கு எழுதிக் கொடுத்த சீட்டோடு எந்த வார்டு என்று கேட்க வந்தவர்களும் திரும்பிப் போனார்கள். அந்த நோட்டு அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. முகாமில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் இன்னும் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குவதும், நோட்டுக்கு ஒரு நகல் எடுத்து வைப்பதும், அந்த நகலை யார் கண்ணிலும் படாதபடி பூட்டி வைப்பதும் அறக்கட்டளையினர் உடனே செய்ய வேண்டியவை. பூட்டி வைப்பது என்பதைச் சும்மா சொல்லவில்லை. யார் எப்போது வந்தார், எந்த மனு நிலுவையில் இருக்கிறது என்ற விவரம் தவறான கைக்குப் போனால் நோயைவிடப் பெரிய தொல்லையாகிவிடும்.

போக நினைப்பவர்களுக்கு: மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பே போய்விடுங்கள், சீட்டு கொடுப்பது ஆறு மணியோடு நின்றுவிடுகிறது. பழைய மருந்துச் சீட்டுகளையும், சீட்டு இல்லையென்றால் தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளையும் கொண்டு போங்கள். இன்சுலின் வாங்குகிறவர்கள் குளிர்ச்சி காக்கும் சிறு ஃபிளாஸ்க் ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், பேருந்தில் திரும்பும் நேரம் வரை மருந்து சூடாகாமல் இருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் உண்டியலில் முடிந்ததைப் போடலாம். முகாம் மக்களிடம் அவர்கள் வாங்குவதில்லை. கார்த்திகை மழையில் முன்கட்டு ஒழுகும் நாளில் மருத்துவகம் நடக்காது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அன்றைக்குத் தெரிந்த முகாம்காரர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.